நீலப் புகையும் வஸீர் நானாவும்

மேடையில் அமர்ந்திருக்கும் மௌலவி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கணவரை இழந்து நிற்கும் ஹிதாயா அவர்களே, கீரியிலிருந்தும் எருக்கலம்பிட்டியிலிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே! நோயாளர் வான் சங்கத்தின் செயலாளர் செலீனா பேசுகிறேன்.

நம் சங்கத்தின் வாகனப் பொறுப்பாளர், நாம் அண்ணன் முறையில் நானா என்றழைத்த மர்ஹூம் வஸீர் அவர்கள் போய்விட்டார். நம் இரண்டு ஊரும் முறைவைத்து ஓட்டும் அந்தக் கிழட்டு டர்போ டீசல் வானை அவரைப்போலத் திட்டியவர் யார்? அவரைப்போல நேசித்தவர்தான் யார்?

போன வருடம் வான் நீலமாகப் புகைத்தது நினைவிருக்கிறதா? எஞ்சின் முடிந்தது, விற்றுவிடுங்கள் என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னோம். வஸீர் நானா எஞ்சின் மூடியான பொனற்றைத் திறக்கவேயில்லை.

“ஆர் கடைசியா ஒயில் விட்டது?” என்றார்.

“நான்தான் நானா,” என்றார் கீரிச் சாரதி சிவராசா.

“நானும் விட்டனான்,” என்றார் எருக்கலம்பிட்டிச் சாரதி ஹலீம்.

அடுத்த ஊருக்கு ஒயில் குறைந்த வானைக் கொடுத்தார்கள் என்ற பெயர் வரக்கூடாதாம்! அதனால் வானை ஒப்படைக்கும் முன் இருவரும் மாறி மாறி ஊற்றியிருக்கிறார்கள். ஒயில் மட்டம் காட்டும் அளவுக் கம்பியை யாரும் பார்க்கவில்லை.

“உங்கட மரியாதையில எஞ்சின் மூழ்குதடா!” என்று கத்தினார் நானா. கூடிய ஒயில் வடிய வழியில்லாமல், எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவுக்குள் ஏறி எரிகிறது என்றார். கூடியதை வடித்தார். புகை நின்றது. எவ்வளவு சிரித்தோம்!

அன்று அவர் சொன்ன இன்னொன்றை நாம் கவனித்தோமா? “ஒயில் கூடிப் புகைச்சால் பயமில்லை பிள்ளை. ஒயில் குறைஞ்சு குறைஞ்சு புகைச்சால் ஸ்டார்ட் பண்ணாதேங்கோ. டர்போ போனால் எஞ்சின் தன்ர ஒயிலையே குடிச்சுக்கொண்டு பறக்கும். சாவியைக் கழட்டினாலும் நிக்காது.”

அவரை நல்லடக்கம் செய்த மறுநாள் வான் மீண்டும் நீலமாகப் புகைத்தது. கம்பியைப் பார்த்தோம்; ஒயில் இறங்கிக் கிடந்தது. டர்போக் குழாயைக் கழற்றினார் ஹலீம். உள்ளே ஒயில் வழிந்தது.

நாளை விடிந்தால் இரத்தம் சுத்திகரிக்க நோயாளர்கள் வவுனியாவுக்குப் போகவேண்டும். அவர்களில் என் கணவர் தோமஸும் ஒருவர். போகாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். போனால், நடுக்காட்டு வீதியில் நிறுத்த முடியாத வானில் அவர் இருப்பார். “ஒருக்கா மெல்லமா ஓடிப் பாப்பமே அக்கா” என்கிறார்கள் சாரதிமார். எனக்கும் ஆசைதான். நேற்று முழுவதும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பயத்தில் செத்தேன்.

வானை ஓட்டி வஸீர் நானாவுக்கு அஞ்சலி செய்ய முடியாது. டர்போ மாற்றும்வரை அந்த எஞ்சினை யாரும் தொடமாட்டோம். ஆனால் ஒரு நோயாளியும் வீட்டில் கிடக்கமாட்டார். இது அவர் பெயரில் நான் தரும் வாக்கு. அதைக் காப்பாற்ற என்னிடம் வாகனம் இல்லை. உங்களில் பலரிடம் இருக்கிறது.

இப்போது எல்லோரும் எழுந்து நிற்போம். மௌலவி துஆ ஓதுவார், ஃபாதர் செபிப்பார். முடிந்ததும் அமருங்கள். நாளை வாகனம் தரக்கூடியவர்கள் மட்டும், தயவுசெய்து, அமராதீர்கள்.