ஸ்டிக்கர் இல்லாத மீட்டர்

கதவைத் தட்டாதீங்க சார், கைதான் வலிக்கும். நான் வெளியிலதான் நிக்கிறேன், ரிசப்ஷன் பொண்ணு. காலையில உங்க பையை வாங்கி வச்சேனே, நான்தான். கரண்ட் போயிடுச்சு, அதான் லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. பயப்படாதீங்க, மேல காத்து வர ஓட்டை இருக்கு, மூச்சு முட்டாது. நானே இதுக்குள்ள நாப்பது நிமிஷம் இருந்திருக்கேன், ஏழு மாச வயித்தோட. ஒன்னும் ஆகல. இப்ப குழந்தை குப்புற விழ ஆரம்பிச்சுட்டா.

எலக்ட்ரீஷியனா? சொல்லி அனுப்பியிருக்கு சார். கீழ பார்க்கிங்ல இருக்காரு. ஆமா, எலக்ட்ரீஷியன்தான், பார்க்கிங்லதான். விசில் ஊதி வண்டியைத் திருப்பி விடுற வேலை. அது ஒரு கதை. தலைமை ஆபீஸ்லேர்ந்து எங்க தரத்தைப் பார்க்க வந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரிஞ்சா நல்லதுதான். உக்காந்துக்கோங்க. தரை சுத்தமாத்தான் இருக்கும், நீங்க வர்றீங்கன்னு நேத்து ரெண்டு தடவை தொடைச்சாங்க.

அன்னைக்கு என்னை வெளிய எடுத்தது அந்த அண்ணன்தான். எடுத்து, நாற்காலியில உக்கார வச்சு, தண்ணி கொடுத்துட்டு நேரா மொட்டை மாடிக்குப் போனாரு. கரண்ட் போனா லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கறதுக்குன்னு அங்க நாலு பேட்டரி இருக்கு. வோல்ட் அளக்கற ஆபீஸ் மீட்டரை வச்சுப் பார்த்தா எதுவுமே பன்னெண்டே முக்கால் வோல்ட்டுக்குக் குறையல. அருமையான பேட்டரி. அப்படின்னா ஒரு பொண்ணு ஏன் நாப்பது நிமிஷம் உள்ள கிடந்தாள்னு அவருக்கு மனசே ஆறல.

அவர்கிட்ட சொந்தமா ஒரு மீட்டர் உண்டு. மஞ்சள் கலர், மலிவுச் சரக்கு. கெட்டுப் போனா என்கிட்ட வராதீங்கன்னு கடைக்காரரே சொல்லிக் கொடுத்தது. அது ஒன்னு காட்டுது, ஆபீஸ் மீட்டர் வேற ஒன்னு காட்டுது. எது பொய் சொல்லுதுன்னு தெரியணுமில்ல? ரெண்டு வாரம் வீட்டுல அதே வேலை. சாப்பாட்டு மேசை முழுக்க ஒயர், அண்ணி அழாத குறை. முதல்ல மீட்டருக்குள்ள இருக்கற பேட்டரியைப் புதுசா மாத்தினாரு. அதுக்குப் பலம் குறைஞ்சா மீட்டர் எதையும் கூடுதலாத்தான் காட்டுமாம், எங்க மேனேஜர் மாதிரி. அப்புறம் கம்பி முனையைத் தேய்ச்சு சுத்தம் பண்ணினாரு. தீப்பெட்டி அளவுல ஒரு சின்ன எலக்ட்ரானிக் பலகை வாங்கினாரு, அது சரியா அஞ்சு வோல்ட் கொடுக்கும். அதையும் மீட்டரையும் அரை மணி நேரம் ஓட விட்டு, சூடு நிலைச்சப்புறம்தான் அளப்பாரு. அஞ்சு காட்ட வேண்டிய இடத்துல அஞ்சு புள்ளி பூஜ்யம் எட்டு காட்டுச்சு. பின் மூடியைத் திறந்தா கடுகு அளவு திருகு ஒன்னு இருக்காம், அதை மயிரிழைதான் திருப்பணும். கை நடுங்கும்னு வீட்டுல யாரும் தும்மக் கூடாது. அவரோட மாமியாருக்கு அப்பப் பார்த்து ஜலதோஷம். பாவம், பக்கத்து வீட்டுக்குப் போய்த் தும்மிட்டு வந்தாங்க.

கடைசியில அஞ்சுன்னா அஞ்சு. மத்த அளவுல எவ்வளவு பிசகுதுன்னு துண்டுக் காகிதத்துல எழுதி அதோட முதுகுல ஒட்டினாரு. இவ்வளவு தூரம் என்னை நம்பு, அதுக்கு மேல நம்பாதேன்னு சொல்ற மீட்டர் சார் அது. இந்தக் கட்டடத்துல வேற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல.

அதை எடுத்துக்கிட்டு மறுபடி மொட்டை மாடிக்குப் போனா, நாலுல ஒன்னு பத்தரை வோல்ட். செத்த பேட்டரி. மேனேஜர்கிட்ட சொன்னாரு. ஆபீஸ் மீட்டர்ல சோதிச்சு சரின்னு ஒட்டின ஸ்டிக்கர் இருக்கு, உன்னுதுல இருக்கான்னு கேட்டாரு மேனேஜர். சார், அந்த ஸ்டிக்கரை மீட்டரோட பேட்டரி மூடி மேலயே ஒட்டியிருக்காங்க, அதனால ஒரு வருஷமா யாரும் மூடியைத் திறக்கல, அதான் இது கூடுதலாக் காட்டுது, மூலையில பேட்டரி படம் மினுக்குது பாருங்கன்னாரு அண்ணன். மேனேஜர் உத்துப் பார்த்தாரு. பேட்டரியை அளக்கறோம், பேட்டரி படம் வருது, இதுல என்ன தப்புன்னாரு.

சிரிக்கிறீங்களா? சிரிங்க சார், நல்லது.

ஸ்டிக்கரைக் கிழிச்சா சான்றிதழ் செல்லாது. சரின்னு ரெண்டு மீட்டர் காட்டினதையும் எழுதி அண்ணன் தலைமை ஆபீஸுக்கு அனுப்பினாரு. மூணு பக்கம், நான்தான் டைப் பண்ணினேன். பதில் அரைப் பக்கம். ஸ்டிக்கர் இல்லாத எந்தக் கருவியும் இங்க பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினவர் மேல நடவடிக்கை எடுக்கணும். அன்னைக்கு மத்தியானமே கையில விசிலைக் கொடுத்துட்டாங்க. இருபத்திரண்டு வருஷ அனுபவம். முதல் வண்டிக்கு விசில் ஊதறப்ப அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தூசின்னு சொன்னாரு. நானும் தூசின்னே வச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் ஆறு மாசமா லிஃப்ட்ல ஒருத்தரும் மாட்டல, பேட்டரி பிரமாதம்னு மேனேஜர் அறிக்கை கொடுத்தாரு. ஆறு மாசமா கரண்டே போகலங்கறதை மட்டும் எழுதல. மேனேஜர் எங்கயா? இப்பத்தான் படி வழியா இறங்கிப் போனாரு. அவரு லிஃப்ட்ல ஏறி நான் பார்த்ததே இல்ல.

அந்த அரைப் பக்கத்துல யாரு கையெழுத்துன்னா கேக்கறீங்க? உங்களுதுதான் சார். எனக்குப் புரியுது, ஒரு நாளைக்கு நூறு காகிதம் வரும், அத்தனையும் படிக்க முடியுமா.

அண்ணன் வந்து பத்து நிமிஷம் ஆச்சு. என் பக்கத்துலதான் நிக்கிறாரு. ஸ்டோர்ல நல்ல பேட்டரி இருக்கு. எது எது செத்துச்சுன்னு அளந்து மாத்தினா கால் மணி நேரத்துல நீங்க வெளிய வந்துடலாம். ஆனா அளக்கறதுக்கு மஞ்சள் மீட்டர்தான் இருக்கு, அதுல ஸ்டிக்கர் இல்ல. அவரு மனசு கேக்காம வந்த உடனே மேல ஓடப் பார்த்தாரு. நான்தான் சட்டையைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன்.

கதவு இடுக்குல ஒரு காகிதம் வருது பாருங்க. பேனாவும் வருது. கரண்ட் இல்லாததால கையாலயே எழுதிட்டேன். ரெண்டு கையெழுத்து சார். மேல இருக்கறது மீட்டருக்கு அனுமதி, கீழ இருக்கறது அண்ணனுக்குப் பழைய வேலை. போன் வெளிச்சத்துல எழுத்து தெரியுதா?

அவசரம் ஒன்னும் இல்ல. இந்தத் தடவை முழுசாப் படிச்சுட்டே போடுங்க.