வாசலுக்குத் தொலைவான இடம்

எனக்குக் கதவோரமாக நாற்காலி போட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை ஐயா, நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மாமனார் தொக்தொசுனாக இருந்தால் இந்நேரம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தன் ஊரான நரினுக்கே போயிருப்பார்.

அப்படித்தான் போனார். வாசலுக்கு எதிர்ச்சுவரோரம்தான் மரியாதை இடம் என்பது பிஷ்கெக்கில் யாருக்குத் தெரியாது? என் மகன் கல்யாணத்தில் அங்கே என் பெரியப்பா ஷமிர்பெக் உட்கார்ந்துவிட்டார். “என்னைச் செருப்புக்குப் பக்கத்துல உக்கார வச்சுட்டானுங்க” என்று மாமனார் எழுந்து போனார். பின்னாலேயே என் மனைவி ஜிபார்குலும் போய்விட்டாள்.

திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சினேன். “எங்கப்பாவுக்கு உள்ள எடம் கெடைக்கட்டும், வரேன்” என்றாள். பிறகு, “நானுந்தான் இத்தனை வருஷமா வாசல்கிட்ட உக்காந்து டீ ஊத்துறேன். உள்ள தள்ளி உக்காருன்னு என்னைக்காவது சொல்லியிருக்கியா?”

நியாயமான கேள்வி. நான் கட்டட வடிவமைப்பாளன். அவளுக்குக் கட்டடத்தால்தான் பதில் சொல்ல முடியும்.

முற்றத்தில் ஒரு விருந்து அறை வேண்டும், அதில் ஒருவரும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று எங்கள் அலுவலகத்துச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். முதலில் வட்டமாக வரைந்தது. பெரியப்பா படத்தைப் பார்த்துவிட்டு, “கதவுகிட்ட இருக்குறது உன் மாமனார்தானே? நல்லாருக்குடா” என்றார். மறுபடி கேட்டேன். அது வாசலை எடுத்துவிட்டது.

அழகான படம். உள்ளே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முதியவருக்கு மட்டும் ஆறு விரல் இருந்தது. பிழை பிழைதான் என்று அதைத் திருத்தச் சொன்னேன். காற்றுக்கு வழி வரையவில்லை. ஆனால் படத்தில் யாருக்கும் மூச்சு முட்டவில்லை.

விருந்தன்று மூன்று சுவரும் கூரையும் தயார். நான்காவது பக்கம் வழியாக எல்லோரும் வந்தார்கள், ஜிபார்குலும் வந்தாள். ஆட்டுத்தலை மரியாதைக்குரிய ஒருவருக்குத்தான் வைப்பது வழக்கம்; தகராறு வேண்டாம் என்று ஆளுக்கொன்று வைத்தேன். சாப்பிட்டதும் மாமனார் கையேந்தி ஆசி சொல்ல ஆரம்பித்தார். அவரைவிட நீளமாகச் சொல்லியாக வேண்டும் என்று பெரியப்பா தொடர்ந்தார். ஆசிக்கு நடுவே நம்மில் யாரும் எழுவதில்லை. நான்காவது பக்கத்தை மூடும் கான்கிரீட் பலகையைத் தூக்கி நிறுத்த அந்த நேரம் தாராளம்.

“உள்ள ஆளுங்க இருக்காங்களே” என்றார் கிரேன்காரர்.

“படத்துலயும் இருக்காங்க” என்று காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஜிபார்குல் மட்டும் கண்ணைத் திறந்தாள். ஏந்திய கையை இறக்கவில்லை, மரியாதை தெரிந்தவள். “நீ எங்க போற?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நீ உக்காரு. இன்னைக்கு டீ நான் கொண்டு வரேன்.”

அவள் சிரித்தாள். படத்தில் இருந்த அதே சிரிப்பு. பலகை இறங்கியது. இணைப்பில் கலவை பூசியது நான்தான். அதை மறைக்கப்போவதில்லை.

கொஞ்ச நேரம் தட்டினார்கள். இப்போது சத்தமே இல்லை என்று உங்கள் போலீஸ்காரர்கள் சொல்கிறார்கள். மாமனாரும் பெரியப்பாவும் ஒரே அறையில் சத்தமில்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. இதற்காகத்தானே ஐயா கட்டினேன்.

சுவரை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் உடையுங்கள். ஜிபார்குல் இருக்கிற பக்கமாக மட்டும் வேண்டாம். அவள் இப்போதுதான் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்.