மூன்றாம் முறையாக விடைபெறும் எங்கள் வங்கித் தலைவருக்கு

ஒற்றை மேசையில் வங்கி தொடங்கி ஊரெங்கும் கிளை பரப்பியவரே! ஈட்டியதில் பாதியை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஈந்துவிட்டு, அங்கே குழாய் ஒழுகுகிறதா என்று தாமே போய்த் திருகிப் பார்ப்பவரே! விடைபெறும் விழாவுக்குத் தவறாமல் வந்து, விடைபெற மட்டும் மறந்துவிடும் எங்கள் தலைவரே! வணக்கம்.

இது நாங்கள் உங்களுக்கு வாசிக்கும் மூன்றாவது மடல். முதல் மடலில் உங்களைக் கடல் என்றோம். இரண்டாவதில் மலை என்றோம். இரண்டு முறையும் மறுவாரமே திரும்பி வந்துவிட்டீர்கள். இம்முறை எழுத உட்கார்ந்தபோது நெடுநேரம் பேனா நகரவில்லை. ஒப்பிட எங்களிடம் மிச்சம் எதுவும் இல்லை.

முதல் முறை, "ஒரே ஒரு கையெழுத்துப்பா, போட்டுட்டுக் கிளம்பிடறேன்" என்றீர்கள். அதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. இரண்டாம் முறை உங்கள் துணைவியாரே தொலைபேசியில் அழைத்தார்: "சமையலறை டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டறாரு. புண்ணியமாப் போகும், கொஞ்ச நாள் அங்கேயே வெச்சுக்கோங்க!" நாங்களும் வைத்துக்கொண்டோம். தவறு எங்களுடையதும்தான்.

உங்கள் நல்ல மனத்தில் எங்களுக்கு ஐயமே இல்லை. கடனுக்கு ஜாமீன் நிற்க ஆளின்றி வாசலில் நின்ற தையல்காரம்மாவுக்கு நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்கள். அவர் இன்று பத்துப் பேருக்கு வேலை தருகிறார். அந்த விதிமீறலுக்கு விளக்கம் எழுதி எழுதி ஓய்ந்தவை எங்கள் கைகள்.

ஆனால் ஐயா, அடுத்த தலைவர் என்று நீங்களே கைகாட்டிய அம்மையார், இரண்டு ஆண்டாக உங்கள் அறைக்கு வெளியே ஒரு சின்ன மேசையில் காத்திருக்கிறார். காலையில் அவர் போடும் உத்தரவை மாலைக்குள் மாற்றிவிடுகிறீர்கள். சென்ற வாரம் அவர் எங்களிடம் சொன்னார்: "ஐயா மேல எனக்குக் கோபமில்ல. ஆனா இந்தத் தடவையும் திரும்பி வந்தார்னா, நான் வேற பேங்க் பார்த்துக்கறேன். லெட்டர் பையிலயே இருக்கு." அவர் போய்விட்டால், நீங்கள் கட்டியதைக் கட்டிக்காக்க எங்களில் எவருக்கும் திறமில்லை. இது அடக்கமல்ல, உண்மை.

ஆகவே, நாளை காலை உங்கள் நாற்காலியில் அவர் அமர்கிறார். நீங்கள் சர்க்கரை ஏறாமல், மூட்டு நோகாமல், நெடுங்காலம் நலமாக வாழ வேண்டும். எங்களைப் பார்க்கத் தோன்றினால் தாராளமாக வாருங்கள். வாசலில் டோக்கன் எடுத்துக்கொண்டு, அழைக்கும்வரை மற்றவர்களோடு உட்கார்ந்திருங்கள். நன்றாகக் கவனித்துக்கொள்வோம்.

அன்போடும், எஞ்சியிருக்கும் பொறுமையோடும்,
வங்கி ஊழியர்கள் அனைவரும்