நெஞ்சு ஆண்கள் பக்கம்

— ஏட்டி யோகம், கயித்துக்கு அந்தப் பக்கமிருந்து வாரியே? அது ஆம்பளைங்க வரிசை.

— இசிஜி மிஷினு அங்கனதான இருக்கு. காலையில பிடிச்சு நெஞ்சு அழுத்துது, தாடை வரைக்கும் ஏறுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்.

— மிஷின்காரன் விரட்டியிருப்பானே? ஆம்பளை பேரு இருந்தாத்தான் எடுக்கணும்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். குத்தாலத்துல அருவிக்குப் போனா ஆம்பளை ஒரு பக்கம், பொம்பளை ஒரு பக்கம் நிக்கலியா? முகாமையும் அப்படிப் பிரிச்சிருக்கேன். அங்கன இருதயம். இங்கன கர்ப்பப்பை, சத்து மாத்திரை.

— எனக்குக் கர்ப்பப்பையே கெடையாது. எடுத்து வருசக்கணக்காச்சு. ஞாபகம் இருக்கா?

— அப்ப சத்து மாத்திரை வாங்கிக்கோ.

— நெஞ்சுக்கு?

— அது வாயு. ராத்திரி மொச்சைக் குழம்பை யாரு தின்னா? மேடையில இப்பத்தான விளக்குனேன்? அந்தக் காலத்துல பொம்பளை பிரசவத்துல போய்ச் சேர்ந்தா. இன்னைக்கு ஆம்பளையைவிட ஆயுசு கூட. மாரடைப்பெல்லாம் குடும்பப் பாரம் சுமக்குத ஆம்பளைக்கு வாரது.

— எல்லாரும் கைதட்டுனாவ. அந்தக் கூடுன ஆயுசை அவ எப்படிக் கழிக்கான்னு சொன்னீகளா? முட்டி தேஞ்சு, தைராய்டு வந்து, அப்பவும் அடுப்படியில நிக்கா. ஒங்க அப்பாவுக்கு ஏப்பம் வந்ததுக்கு மதுரைக்குக் காரு போச்சு. ஒங்க அம்மைக்கு நெஞ்சடைச்சப்ப ஓமத்தண்ணி. விடியுறதுக்குள்ள போயிட்டாவ.

— மெதுவாப் பேசுட்டி. பத்திரிகைக்காரன் நிக்கான்.

— நிக்கட்டும். அந்த வரிசையில நிக்குத கொத்தனார் தும்முனா இசிஜி, நான் செத்தாலும் சத்து மாத்திரையான்னு எழுதட்டும்!

— சார், சண்முகநாதன்ங்கிறது யாரு?

— என்ன நர்சம்மா, முகாம் தலைவரையே யாருங்கீங்க? மேலகரம் பூரா போஸ்டர் ஒட்டிருக்கே!

— நீங்களா? ஐயோ, நிக்காதீங்க சார். ஒங்க பேர்ல வந்த இசிஜியைப் பாத்து டாக்டர் பதறிட்டாரு. மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்கு, உடனே தென்காசிக்குப் போகணும்.

— மாரடைப்பா! காலையில போட்டோவுக்கு மிஷின்ல படுத்தப்பவே நெனச்சேன். ஏட்டி, வேர்க்குதுட்டி... இடது கை மரத்துப்போச்சு... பிடி, பிடி!

— ஸ்ட்ரெச்சர்ல படுங்க சார், பேசாதீங்க. அம்மா, நீங்க வழி விடுங்க.

— நர்சம்மா, அவுகளை எறக்கி விடுங்க. ஆம்பளை பேரு கேட்டாவ, வீட்டுக்காரர் பேரைச் சொல்லி நான் படுத்தேன். பேருதான் அவுகளுது, நெஞ்சு என்னுது.