மூன்றாம் பத்தியைத் தாண்டிப் போங்கள்

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் அவர்களே, அரைப் பக்கத்தை அரை நிமிடத்தில் அளந்துவிடும் ஆற்றல்மிகு மின்னல் மாஸ்டர் அவர்களே, பிள்ளைகளோடு சேர்ந்து தூக்கம் தொலைத்த தாய்மார்களே, தந்தைமார்களே, நாளை காலை நுழைவுத் தேர்வு எழுதப்போகும் நல்முத்துக்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஒற்றை ஆளின் வணக்கம்.

நான் யார்? மொழித்திறன் தாளில் நீட்டி முழக்கி ஒரு கட்டுரை கொடுத்து, கீழே கேள்வி கேட்பார்களே, அந்தக் கட்டுரைகளை இருபத்தாறு ஆண்டுகள் எழுதியவன். போன ஆண்டோடு ஓய்வு. யாரப்பா அங்கே பல்லைக் கடிப்பது? திட்டுவதென்றால் வரிசையில் வாருங்கள்!

மாஸ்டர் என்ன சொல்லித் தருகிறார்? முதலில் கேள்வியைப் படி. பிறகு ஒவ்வொரு பத்தியிலும் முதல் வரி, கடைசி வரி. பொருந்தாத இரண்டு விடைகளை அடித்துத் தள்ளு. ஒரு நிமிடம் தாண்டினால் குறி போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடு. நூற்றுக்கு நூறு சரி! ஆனால் எழுதியவனுக்கு எப்படி இருக்கும்? விருந்துக்கு வந்தவர்கள் வாசலிலேயே மணம் பிடித்துவிட்டுத் திரும்பினால், சமைத்தவனுக்கு எப்படி இருக்கும்? லட்சம் பேர் பார்த்தார்கள். படித்தவர் யார்?

என் மனைவி இறந்த பிறகு, பூட்டின் வரலாறு பற்றி எழுதினேன். அதில் மூன்றாம் பத்தியில் ஒருவர் வருவார். தனியே வாழ்பவர். வெளியே போய்த் திரும்பினால் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுவார், கொஞ்சம் நிற்பார், பிறகுதான் சாவி போடுவார். அது நான்தான், ஐயா. அந்தப் பத்தியிலிருந்து கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சற்றுமுன் மேடைப் படியில் ஒரு பெண் வழிமறித்தாள். அழைப்பிதழில் என் தொழிலைப் பார்த்தாளாம்.

"ஐயா, அந்தப் பூட்டுக் கட்டுரை நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா."

"அந்த மனுஷன் இன்னமும் கதவைத் தட்டுறாரா?"

இத்தனை ஆண்டுகளில் வாய்த்த ஒரே வாசகி! தேர்வு என்னவாயிற்று என்று கேட்டேன்.

"அதையே திரும்பத் திரும்பப் படிச்சுட்டு உக்காந்துட்டேன். மணி அடிச்சப்ப ஏழு கேள்வி பாக்கி. சீட்டு போச்சு. நாளைக்கு மறுபடியும் எழுதுறேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் குறுகிப் போனேன்.

இரண்டாம் வரிசையில் இருக்கும் மகளே! நாளையும் எவரோ உருகி உருகி எழுதியிருப்பார். நீ உருகாதே! உன் ஓராண்டைத் தின்றவன் சொல்கிறேன், எங்களைத் தாண்டிப் போ! நீ நின்றால் எங்களுக்கு மகிழ்ச்சி, உனக்கு நட்டம். முதல் வரி, கடைசி வரி, விடை, அடுத்தது! தயங்காதே, தளராதே, திரும்பிப் பாராதே!

நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆமாம்மா, இன்னமும் தட்டுகிறார். தேர்வு முடிந்ததும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வா. முகவரி மாஸ்டரிடம் இருக்கிறது. இந்த முறை நீ தட்டு. உள்ளே இருந்துகொண்டு "யாரது?" என்று ஒரே ஒரு தடவை நான் கேட்க வேண்டும்.

நடுவில் எதையும் தாண்டாமல் முழுவதும் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.