மோர் வரைக்கும் வந்தது

ஹலோ… ஆ, வெங்கிடு, சொல்லு… இல்லைடா, இன்னும் முடியலை… ஓடிண்டிருக்கு… ஆமாம், ஆமாம், மீட்டிங் ஆரம்பிக்கப்போறதுன்னு தெரியும். அதுக்குத்தானே லீவு நாளும் அதுவுமா காலேஜ் லேப்ல உக்காந்து ஸ்கிரீனையே பாத்துண்டிருக்கேன்.

எல்லாரும் வந்தாச்சா?… மஹேஷுமா?… மதில் கட்டற கம்பெனியோட இஞ்சினியர் சொன்ன நேரத்துக்கு வந்துட்டான்னா ஜெயிக்கத்தான் வந்திருக்கான்… என்னது, வடையா? யார் வாங்கிக் கொடுத்தா?… அவாளேவா. நன்னாச்சு. வடை தின்ன வாய் எங்கடா எதிர்த்துப் பேசப்போறது.

நீ ஒண்ணு மட்டும் பண்ணு. நான் சொல்றவரைக்கும் கையெழுத்துப் போடாதே. செக்ரட்டரி நீயாக்கும். தெருச் சங்கத்தோட சம்மதம் இல்லாம ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லு கூட வைக்க முடியாது… ஆமாம்… தெரியும்டா, நாளைக்குக் காங்கிரீட் வண்டி வரும். வரட்டும். வந்து நின்னுட்டுப் போகட்டும்.

…என்னத்துக்கா? எத்தனை தடவைடா சொல்றது. அந்த மதில் அக்கரைக் கடைகளைக் காப்பாத்தும். இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. அவாளுக்கும் கஷ்டம்தான். போன துலாவர்ஷ மழையில சாலைக் கடைத்தெருவுல அரிசி மூட்டை எல்லாம் ஊறி நாறிப்போனதை நானும்தான் பார்த்தேன். ஆனா அங்க ஏற முடியாத ஜலம் எங்க போகும்? நம்மாத்துப் பின்னாடிதான் ஓடை வளையறது. வேகமா வர ஜலம் அந்த வளைவுல மதில்ல மோதி இந்தப் பக்கம் எகிறும். இந்தப் பக்கம் யார் இருக்கா?… சொல்லேன்… ஆ. அப்பா இருக்கார். கூடத்துல கட்டில்ல, தானா எழுந்து உக்காரக்கூட முடியாம. மழை கொட்டற ராத்திரியில கரண்டும் போயிடும். நீயும் உன் ஆத்துக்காரியும் அந்த மரப்படியில அவரைத் தூக்கிண்டு மச்சுக்கு ஏறிடுவேளா?… அதான் கேக்கறேன்.

…காட்டினானா? படம் காட்டிட்டானா?… கலர் கலராவா… இருக்கும், நன்னாத்தான் இருக்கும்… நம்ம தெரு காய்ஞ்சு கிடக்கா? கிடக்கும்டா. அவன் ஓட விட்டது ஜலமே இல்லையே.

தேன்… தேனாக்கும் அது… நான் எங்கடா விளையாடறேன்? செத்த பொறுமையாக் கேளு. வெளியில வந்து நின்னு கேளு.

வந்துட்டயா… ஆ. ஜலம் எப்படிப் போகும்னு கணக்குப் போடணும்னா அதோட வேகம் தெரியணும். வேகம் தெரியணும்னா அது எப்படிப் போகும்னு முதல்ல தெரியணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்… அதே, அதே. அந்தக் கேசுதான். அதனால கம்ப்யூட்டர் குத்துமதிப்பா ஒரு விடையை வச்சுக்கும். சரியான்னு பார்க்கும். இவ்வளவு தப்புன்னு தெரியும். திருத்தும். மறுபடி பார்க்கும். தப்பு கொறைஞ்சுண்டே வந்து ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா அதுதான் விடை. சில சமயம் திருத்தத் திருத்தத் தப்பு பெருகும்… ஆமாம், நம்ம சித்தப்பாவோட சொத்துப் பாகவழக்கு மாதிரியேதான். நீயே சொல்லிட்டே.

பெருகித்துன்னா கணக்கு மொத்தமாச் சிதறிடும். அப்போ எல்லாரும் என்ன பண்ணுவா தெரியுமோ? ஜலத்தைக் கொழகொழன்னு ஆக்கிடுவா. பிசுபிசுப்புன்னு ஒரு நம்பர் இருக்கு, அதை ஏத்தி வச்சாப் போறும். கொழகொழன்னு இருக்கறது எகிறாது, சுழலாது, சமர்த்தா வளைஞ்சு போகும். கணக்கும் சமர்த்தா முடியும், படமும் வரும்… சேச்சே, திருட்டுத்தனம்னு சொல்லமாட்டேன். அவனுக்கும் மேல ஒருத்தன் இருப்பான், எங்கே படம், எங்கே படம்னு. முதல்ல ஏத்தி வச்சுக்கலாம், அப்பறம் இறக்கிக்கலாம்னு நெனைச்சிருப்பான். படம் வந்ததும் இறக்க மறந்துட்டான். எங்க தொழில்ல இது சகஜம்டா. அழகா ஒரு விடை வந்துடுத்துன்னா அப்பறம் அதைத் தொட யாருக்கும் மனசு வராது.

நானா?… நானும் தேன்லேருந்துதான் ஆரம்பிச்சேன். ஆனா நான் இறங்கிண்டே வரேன். தேனுக்கு வந்த விடையை எடுத்து விளக்கெண்ணெய்க்குக் குத்துமதிப்பா வச்சேன். விளக்கெண்ணெய் விடையை எடுத்து மோருக்கு வச்சேன். மோர் முடிஞ்சுடுத்து. இப்போ ஜலம் ஓடிண்டிருக்கு.

…எல்லாம் ஒண்ணு இல்லைடா, அதைத்தானே சொல்ல வரேன். தேன்ல நம்மாத்துக் கொல்லை காய்ஞ்சு கிடந்தது. மஹேஷ் படம் மாதிரியே. விளக்கெண்ணெய்ல கிணத்தடிக்கு வந்தது. மோர்ல அடுக்களை வாசப்படி, வெங்கிடு. மோருக்கே அடுக்களைன்னா ஜலத்துக்கு எதுவரைக்கும்னு நீயே யோசிச்சுக்கோ. அடுக்களைக்கு அடுத்தது கூடம்.

…ஆமாம். பயமாத்தான் இருக்கு. எனக்கும்தான்.

இரு, இரு… லிஜோ, லைட் அணைக்கல்லே, ஒரு அஞ்சு மினிட்… லேப் அசிஸ்டென்ட்டுடா, லைட்டை அணைக்க வந்துட்டான். பாவம், எனக்காகக் காத்துண்டிருக்கான்.

இரு… இறங்கறதுடா. தப்பு இறங்கிண்டிருக்கு… நெஜம்மாத்தான். நேத்திக்கெல்லாம் இந்த இடத்துக்கே வரலை… இல்லை, முடிஞ்சுடும்னு வாயால சொல்லாதே. ஒண்ணும் சொல்லாதே.

என்ன?… கூப்பிடறாளா. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடு. தண்ணி குடி. போன தடவை மினிட்ஸ் வாசி… வாசிச்சாச்சா. அனாவசியமான நேரத்துலதான் உங்க சங்கம் சுறுசுறுப்பா இருக்கும்.

…எதை? மோர்ப் படத்தையா?… ஜலம்னு சொல்லியா?

…முடியும்டா. பேரை மாத்திப்போட எவ்வளவு நேரமாகும். நான் அதை யோசிக்கலைன்னு நெனைக்காதே. கார்த்தாலேருந்து யோசிச்சுண்டுதான் இருக்கேன்… வேண்டாம். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்னா நான் மாட்டிப்பேன். கேக்காமலே விட்டாலும்… அவன் தேனை ஜலம்னான், நான் மோரை ஜலம்னு சொல்லணுமா. அப்பறம் அவனைத் தப்புன்னு எந்த மூஞ்சியை வச்சுண்டு சொல்லுவேன்? அனுப்பறேன், ஆனா இருக்கறதை இருக்கறபடி எழுதித்தான் அனுப்புவேன்… அனுப்பிட்டேன். பாரு, வந்திருக்கும்.

ஸ்பீக்கர்ல போடறயா?… சரி. போடு.

ஹலோ… எல்லாருக்கும் நமஸ்காரம். நான் சூடாமணி பேசறேன், வெங்கிடேஷோட அக்கா… ஆமாம் மாமா, சௌக்கியம்… அப்பா அப்படியேதான் இருக்கார்… ஆமாம். மஹேஷ், தமிழ்லயே பேசட்டுமா, மனசிலாகுமே?… சந்தோஷம்.

மஹேஷ், உங்க கணக்குல அந்தப் பிசுபிசுப்பு எண் என்ன வச்சேள்?… சாப்ட்வேர்ல வந்தபடியேவா… அதாவது மாத்திப் பார்க்கலை… இல்லை இல்லை, குத்தம் சொல்லலை. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்போம். அதைக் கொறைச்சுண்டே வந்தா இந்தக் கரையில மட்டம் ஏறறது. படத்துல பாருங்கோ. மூணு படம் இருக்கு… ஆமாம், மூணாவதுல அடுக்களை வரைக்கும்… அது ஜலம் இல்லை. ஜலத்தைவிடக் கொஞ்சம் கெட்டி. பேச்சுக்கு மோர்னு வச்சுக்கோங்கோ.

…என்ன?… யாரு, தாணுமாலையன் மாமாவா?… இல்லை மாமா, ஓடையில மோர் வராதுதான்… வராது… ஆமாம், தாளிச்சுக் கொட்டலை… எல்லாரும் சிரிச்சு முடியுங்கோ, நான் இருக்கேன்.

…சொல்லுங்கோ மஹேஷ்… ஜலத்துக்கா?… ஜலத்துக்கு ஓடிண்டிருக்கு… இல்லை, கையில இல்லை… இப்போ இல்லை. ஆனா இறங்கிண்டிருக்கு, கண்ணு முன்னாடி இறங்கிண்டிருக்கு. ஒரு பத்து நிமிஷம் பொறுத்தேள்னா… இல்லை, உறுதியாச் சொல்ல முடியாது. இந்தக் கணக்குல யாராலயும் சொல்ல முடியாது… உங்களுக்கு வந்ததுதான். உங்களுக்கு வந்ததுன்னா அது…

செத்த இருங்கோ.

…

ஒண்ணுமில்லை. ஏறறது… தப்பு ஏறறது… சில சமயம் ஏறிட்டு இறங்கும். இருங்கோ. அந்த வளைவுலதான், மதில் ஆரம்பிக்கற இடத்துல. ஜலம் அங்க எகிறறது, கணக்கால அதைப் பிடிக்க முடியலை. எங்க எகிறுமோ அங்கதான்… கேக்கறேளா? கணக்கு உடையற இடமே அதுதான். அதுவே ஒரு…

…

கணக்கு சிதறிப் போயிடுத்து.

…இல்லை மஹேஷ். வரலை. விடை ஒரு எண்ணே இல்லைன்னு ஸ்கிரீன்ல எழுதியிருக்கு… ஆமாம். ஜலத்துக்கு எங்கிட்ட விடை இல்லை… ஆமாம். இல்லை. இன்னிக்கு இல்லை.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா. எல்லாரும் கேளுங்கோ. எங்கிட்ட விடை இல்லைங்கறதுனால அவர்கிட்ட இருக்கறது விடையாயிடாது… மாமா, நான் படிச்சதைத்தான் சொல்றேன்… எனக்கு ஒரு மாசம் கொடுங்கோ. ஓடையைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுத்தான் கணக்குப் போடறது, வளைவுல அந்தக் கட்டத்தைச் சின்னதாக்கிப் பார்க்கறேன்… காங்கிரீட் வண்டி அடுத்த மாசமும் வருமே மாமா, அது என்ன திருவிழாத் தேரா… சரி… சரி, கோவிச்சுக்காதேங்கோ. மரியாதை கொறைச்சலா ஒண்ணும் சொல்லலை.

வெங்கிடு, ஸ்பீக்கரை அணை. உங்கிட்ட தனியாப் பேசணும்… வெங்கிடு?… ஹலோ?… போனைக் கீழ வச்சுட்டயா?

ஹலோ…

வெங்கிடு… கேக்கறதா…

…

ஆ. இருக்கேன்… லைன்லதான் இருக்கேன்… என்னாச்சு?… கலைஞ்சாச்சா. என்ன முடிவு?… பாக்கலாம்னு சொல்லியிருக்கேளா. யாரு சொன்னா, நீயா?… மாமாவெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டாளா. சரி. அவா போட்டா ஒண்ணுமில்லை. செக்ரட்டரி கையெழுத்துதானே வேணும். நீ என்ன சொன்னே?… யோசிச்சுச் சொல்றேன்னயா?

வெங்கிடு, போனைக் கவுத்து வச்சாக் கேக்காதுன்னு யார்டா சொன்னா. “இவிடெயும் ஒண்ணு, சாரே”ன்னு மஹேஷ் கையெழுத்துக்கு இடம் காட்டினது கேட்டுது. நீ காயிதத்தைத் திருப்பினது கேட்டுது. தேதி என்னன்னு கேட்டயே, அதுவும் கேட்டுது. நான் லைன்லதான்டா இருந்தேன்.

…சொல்லு… சிரிச்சாளா. சிரிச்சா, எனக்கும்தான் கேட்டுது. என்னைப் பார்த்துத்தானே சிரிச்சா. அதுக்கு நீயாடா கையெழுத்துப் போடணும்?… உனக்கு வெக்கமாயிடுத்தா… ஆமாம். அவன்கிட்ட படம் இருந்தது, உங்கிட்ட காட்டறதுக்கு ஒண்ணும் இல்லை. நான்தான் கொடுக்கலை. சரி. அதுவும் வாஸ்தவம்தான்.

…இல்லை, நான் அழலை. ஜலதோஷம், ஏசி. நீ வெறுதே மன்னிப்பெல்லாம் கேக்காதே. போட்டதைத் திருப்பி வாங்க முடியுமோ?… எடுத்துண்டு போயிட்டானா… பின்னே என்னத்துக்கு மன்னிப்பு.

…வராதுன்னு நீ எப்படிச் சொல்றே?… மஹேஷ் சொன்னானா. மஹேஷ் ஆபீஸ் முடிஞ்சு பட்டம் ஜங்ஷன் பக்கம் எங்கேயோ மேட்டுல இருக்கற ஃபிளாட்டுக்குப் போயிடுவான்டா. நானும் இங்க லைட்டை அணைச்சுட்டு என் குவார்ட்டர்ஸுக்குப் போவேன். நீதான் அந்தாத்துல தூங்கப்போறே. அப்பாவுக்குப் பக்கத்துல பாய் போட்டு, கீழ, தரையில, நீதான்டா…

ஹலோ?

வெங்கிடு?

…வச்சுட்டான்.