பூசணிக்கு ஒரு நிமிஷ மௌனம்

மத்தியானம் மூன்றரை மணி. ராத்திரி இல்லை, மத்தியானம். பேய்க்கு நைட் டியூட்டி மட்டும்தான் என்று எவன் சொன்னான்? பட்டப்பகல்… வெயில் கண்ணைக் குத்துகிறது… இழுத்துப் பூட்டிய மரக்கிடங்குகளுக்கு நடுவே ஒரு ரோடு. ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு கார். அதில் ஒரு பல் டாக்டர் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

நம் ஃபிரிட்ஜ் மெக்கானிக் இருக்கிறானே, அவனுடைய கூடப்பிறந்த அக்கா அவள். அவன் கதை விடுகிற ஆள் இல்லை. கம்ப்ரசர் போய்விட்டது என்றால் போய்விட்டதுதான். அந்த டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அவள் பேரைக் கேட்காதீர்கள், இருட்டில் நான் பேர் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பேர் இருந்தது… பூசணி. அதையே வைத்துக்கொள்வோம்.

எந்தப் பள்ளிக்கூடம்? இன்டர்நேஷனல் ஸ்கூல். வகுப்பில் இருபது பிள்ளைகள் என்றால் பதினைந்து தேசம். அதில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டே பேர். இவள் குட்டை, குண்டு. இன்னொருத்தி நெட்டை, ஒல்லி, பல்லுக்குக் கம்பி போட்டவள். ஒருத்திக்கு ஒருத்தி தமிழில் வைத்துக்கொண்ட பேர்கள்தான் பூசணி, முருங்கை.

பூசணிக்காயும் முருங்கைக்காயும் ஒன்று என்று சந்தையில் போய்ச் சொல்லிப் பாருங்கள், செருப்பால் அடிப்பார்கள். அந்த ஸ்கூலில் தினமும் சொன்னார்கள். டீச்சர் இவளை அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவள் பாடின பாட்டுக்கு இவள் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். இவள் செஸ் ஆடி ஜெயித்த கோப்பையை அவளிடம் நீட்டுவார்கள். இரண்டு பேரும் முதலில் சிரித்தார்கள். அப்புறம் திருத்திப் பார்த்தார்கள். அப்புறம் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கடைசி வருஷம் பூசணிக்குப் பொறுக்கவில்லை. எய்தவனை விட்டுவிட்டு அம்பை நொந்துகொண்டாள்.

"இனிமே என் பக்கத்துல உக்காராதடி. நீ இருக்கறதாலதான் என்னை யாருக்கும் தெரியல."

நாக்கு நுனியால் பல் கம்பியைத் தட்டுவது முருங்கையின் பழக்கம். டிக்… டிக்… அவ்வளவுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் பேச அவளுக்கு இருந்தது இவள் ஒருத்திதான். அந்த வருஷம் முழுக்க வாய்விட்டுப் பேச ஆளில்லாமல் இருந்தாள், பாவம்.

அப்புறம் ஆளுக்கொரு திசை. முருங்கை, கல்யாணமாகாமலே, மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. செய்தி வந்தது. பூசணி துக்கம் விசாரிக்கக்கூடப் போகவில்லை. அன்றைக்கு கிளினிக்கில் கூட்டமாம்.

இந்த வருஷம் அதே கிளினிக் நாற்காலியில் வந்து சாய்ந்தார் ஒரு பாங்க் மேனேஜர். வாயைத் திறந்தவர் இவளைப் பார்த்ததும் கண்ணையும் அகலத் திறந்தார். "ஏய், நீயா!" கூடப் படித்தவர்! இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னார்… எல்லாம் இங்கிலீஷ்தான், நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

"சனிக்கிழமை நம்ம பழைய ஸ்கூல் ஹால்ல எல்லாரும் கூடறோம். வழக்கம்போல வந்துரு."

வழக்கம்போலவா? இவள் ஒரு தடவைகூடப் போனதில்லையே! ஊசி போட்டு மரத்துப்போன வாய், ஏதோ உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

முப்பது வருஷம் கழித்தாவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், தன்னைத் தன் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த நப்பாசைதான் அவளுக்கு. நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கும் எக்ஸ்ரே டெக்னீஷியன் புருஷனையும், பத்து வருஷம் ஏங்கிப் பெற்ற ஒரே மகளையும் வீட்டில் விட்டுவிட்டு, புதுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். முதலில் சொன்னேனே, மரக்கிடங்கு ரோட்டில் தனியாக ஒரு கார்… அது இந்தப் பயணம்தான். மகளுக்கு எட்டு வயசு. "சீக்கிரம் வாம்மா" என்று வாசல் வரை வந்து கையாட்டினாள் அந்தப் பெண்.

ஸ்கூல் எப்போதோ மூடியாகிவிட்டது. ஹால் மட்டும் வாடகைக்கு விடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு வாடை… வெயிலில் வெந்த ஸ்கூல் பஸ் சீட்டின் ரெக்சின் வாடை. பஸ் நின்றுபோய் எத்தனை காலம்! வழுக்கையும் தொந்தியுமாகப் பதினைந்து பேர் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். வாய் நிறையப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

முருங்கையின் பேர்.

ஒருத்தராவது தப்பித் தவறிச் சரியாகச் சொல்ல வேண்டுமே! இல்லை. அத்தனை பேரும் ஒரே குரலில் தப்பாகச் சொன்னார்கள். திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். அப்போதுதான் மூலையில் இருந்த மேஜையைப் பார்த்தாள். மேஜையில் மெழுகுவர்த்தி. அதன் பின்னால் ஒரு ஃபோட்டோ. பதினேழு வயசுப் பெண், உப்பின கன்னம்…

அவளுடைய ஃபோட்டோ.

முன்னாள் ஸ்கூல் லீடர், இப்போது பெரிய வக்கீல், கரண்டியால் டம்ளரைத் தட்டினார். நம்மை விட்டுப் பிரிந்த தோழிக்கு ஒரு நிமிஷ மௌனம். எல்லாரும் எழுந்து நின்றார்கள். பூசணியும் நின்றாள். நிற்காமல் என்ன செய்வாள், கால்தான் நகரவில்லையே. தனக்குத் தானே எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மௌனம் முடிந்தது. "நல்ல பொண்ணு" என்றார் ஒருவர். "ரொம்ப அமைதி" என்றார் இன்னொருவர். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் கூடப் படித்ததற்கு இரண்டே வார்த்தை. பூசணி வாய்விட்டுக் கத்தினாள்.

"அது நான்! ஃபோட்டோவுல இருக்கறது நான். செத்துப்போனது இன்னொருத்தி!"

கொல்லென்று சிரித்தார்கள்.

"இன்னும் உன் குறும்பு போகலையே" என்றார் வக்கீல். "போன வருஷம் நீதானே இங்க உக்காந்து, அவ போயிட்டான்னு அழுதுகிட்டே சொன்னே?"

பாங்க் மேனேஜர் ஃபோனை நீட்டினார். ஐந்து வருஷத்துக் கூட்டங்களின் ஃபோட்டோக்கள். ஐந்திலும் பின்வரிசையில், ஓரத்தில்… நெட்டை, ஒல்லி. பல் டாக்டர் இல்லையா, கண் முதலில் வாய்க்குத்தான் போனது. சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லில் கம்பி. பதினேழு வயசில் போட்ட அதே கம்பி. தோளில் கை போட்டு நின்றவர்கள் ஒருத்தர்கூட அதைக் கவனிக்கவில்லை.

வேதாளம் முருங்கை மரம் ஏறும் என்பார்கள். இங்கே முருங்கையே வேதாளமாகி, வருஷா வருஷம் டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறது!

"நல்லாப் பாருங்க. இது நானா?"

மேனேஜர் ஃபோட்டோவைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். மறுபடி ஃபோட்டோவைப் பார்த்தார்.

"ஆமா. இப்ப கொஞ்சம் வெயிட் போட்டிருக்கே."

அழுவதா சிரிப்பதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, விமானக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருத்தி பரிவாகப் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ பொண்ணு எப்படி இருக்கா? சின்னக் குழந்தை, இனிமே அதுக்கு நான்தான் அம்மான்னு சொன்னியே. கூட்டிட்டு வந்துட்டியா?"

பூசணி கையை உதறினாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை, ஓடினாள். கார் எப்படி வீடு வந்து சேர்ந்தது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. வழியெல்லாம் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது… யாரும் எடுக்கவில்லை.

மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறினாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே… அதே ரெக்சின் வாடை.

மகள் மேஜை முன்னால் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. தலையை யாரோ படிய வாரி, இறுக்கமாக இரட்டைச் சடை பின்னியிருந்தார்கள். பூசணிக்கு உயிர் வந்தது. பாய்ந்து கட்டிக்கொள்ளப் போனாள். குழந்தை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது.

"அம்மா உள்ள இருக்காங்க. நீங்க யாரு ஆன்ட்டி?"

உள்ளறையிலிருந்து ஒரு சத்தம். டிக்… டிக்… டிக்…

போய்க் கதவைத் தள்ளினாள். புருஷன் மட்டும் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு யாருமில்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. ஆனால் அவர் பக்கத்துத் தலையணையில் தலை வைத்த குழி… தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

புருஷன் எழுந்து விஷயத்தைக் கேட்டார். "விளையாடறா, விடு" என்றார். ஒரு நாள் விளையாட்டு என்றால் சரி. ஒரு வாரம்? ஒரு மாசம்? குழந்தை டாக்டரிடம் போனார்கள், மனநல டாக்டரிடம் போனார்கள். காய்ச்சல் இல்லை, பயம் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது, கணக்கில் முதல் மார்க். அப்பாவை அப்பா என்கிறது. மாமாவை, அதுதான் நம் மெக்கானிக்கை, மாமா என்கிறது. அவளை மட்டும்… ரொம்ப மரியாதையாக, ஆன்ட்டி. பெற்ற வயிறு என்ன பாடுபடும், நீங்களே சொல்லுங்கள்! ராத்திரி குழந்தை தூங்கினபிறகு அதன் காலைப் பிடித்துக்கொண்டு அழுவாளாம். முழிப்புத் தட்டினால், "அழாதீங்க ஆன்ட்டி" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுக்குமாம்.

போன மாசம் குழந்தையின் ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். காலையில் பையை மாட்டிக்கொண்டே சொன்னதாம்: "நீங்க லீவு போட வேணாம் ஆன்ட்டி. எங்கம்மா வருவாங்க."

பூசணி விடுவாளா? கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஓடினாள். வராந்தாவில் பெற்றோர் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். விலக்கிக்கொண்டு வகுப்பு வாசலில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நாள் பழகினவளைப் பார்ப்பதுபோல் சிரித்தாள்.

"என்ன மேடம், எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா? இப்பதானே பேசிட்டுப் போனீங்க…"

முதல் பெஞ்சில் பென்சில்களை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். பரிதாபமாக இவளைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேனே ஆன்ட்டி… எங்கம்மா வருவாங்கன்னு."